தோள்பட்டைக்கு வாய்தா

ஜூன் 9, திங்கள்

தினமும் என்ன பயிற்சி செய்தேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள், பிசியோதெரபி செய்ய வந்த பெண். புது நோட்டு எதற்கு? வக்கீல் மாணிக்கவாசகம் ஜனவரியில் கொடுத்த டைரி வெள்ளையாகக் கிடக்கிறது. ஓய்வு பெற்றவளுக்கு எதற்கு டைரி என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கோர்ட் விடுமுறை நாட்களைச் சிவப்பில் அச்சடித்திருக்கிறார்கள். எனக்கு இப்போது எல்லா நாளும் சிவப்புதான்.

வழக்கின் விவரம் இது. ஏப்ரலில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். வலது தோளுக்குக் கீழே எலும்பில் விரிசல். கையைக் கழுத்தோடு தொட்டில் மாதிரி கட்டித் தொங்கவிட்டார்கள். கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, மூட்டு இறுகிப் போயிருந்தது. மேஜை உயரம் வரைக்கும்தான் கை என் பேச்சைக் கேட்கிறது. அதற்கு மேல் ஒரு விரற்கடை போனாலும் உயிர் போகிறது. எழுதலாம், சாதம் பிசையலாம். அலமாரியின் மேல்தட்டு, கொடிக்கயிறு, தலைமுடி எல்லாம் என் அதிகார எல்லைக்கு வெளியே போய்விட்டன.

பெண்ணின் பெயர் ரெஜினா. முப்பத்தைந்து வயது இருக்கும். ஆவூர்க்காரி, கல்யாணமாகிப் புதுக்கோட்டைக்கு வந்தவள். தனியாக இருக்கிற நான் பஸ்ஸில் இடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம் என்று டாக்டர் இவளை வீட்டுக்கே அனுப்புகிறார். திங்கள், புதன், வெள்ளி.

குனிந்து நின்று கையைத் தளர விட்டு, கோயில் மணியின் நாக்கு மாதிரி ஆட்ட வேண்டும். கதவின் மேல் கயிற்றைப் போட்டு, நல்ல கையால் இழுத்துக் கெட்ட கையைத் தூக்க வேண்டும். கடைசியில் சுவர் ஏற்றம். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்பு மாதிரி மேலே நடத்த வேண்டும். நின்ற இடத்தில் ரெஜினா பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

"ஏம்மா, சுவத்துல கிறுக்காதே. பொங்கலுக்குத்தான் வெள்ளையடிச்சேன்" என்றேன்.

"கை சரியானதும் நீங்களே அழிச்சிருங்கம்மா. அதுதான் கடைசி எக்ஸர்சைஸ்" என்றாள். வாய் ஜாஸ்திதான்.

கிளம்பும்போது என் தலையைப் பார்த்தாள். ஏப்ரலில் இருந்து இடது கையால் ரப்பர் பேண்டு போட்டு விளக்குமாறு மாதிரிக் கட்டி வைத்திருக்கிறேன்.

"யாரும்மா தலை வாரி விடுறா?"

"யாரு இருக்கா?"

சீப்பு எங்கே என்றாள். வேண்டாம் என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை போலிருக்கிறது, அவள் சீப்பை எடுத்துவிட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

பயிற்சி காலையும் மாலையும். யாரும் வரவில்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவன் வந்தான், அவனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஜூன் 13, வெள்ளி

ரெஜினாவுக்கு வேலையில் ஒரு தந்திரம் இருக்கிறது. என்னைப் படுக்க வைத்து, ஒரு கையால் என் முழங்கையைத் தாங்கி, இன்னொரு கையால் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதை பேச ஆரம்பிக்கிறாள். அவள் மாமியார் பூண்டு உரிக்கும் அழகு, பால் வண்டி ஓட்டும் புருஷன் ஆரோக்கியம் வீட்டுக்கு வந்தும் தூக்கத்தில் கியர் போடுவது, மகள் ஜெனிட்டா பள்ளிக்கூடத்தில் பல்லை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி டீச்சரிடம் கொடுத்தது. நான் சிரிக்கிற நேரம் பார்த்துக் கையை இன்னும் கொஞ்சம் மேலே கொண்டு போய்விடுகிறாள்.

"வலிச்சா சொல்லிருங்க. நீங்க சொல்ற இடத்துல நிறுத்திருவேன். உங்க வலி உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

முன்சீப் கோர்ட்டில் இத்தனை வருஷம் சாட்சிகள் சொல்வதை டைப் அடித்தவள் நான். உண்மையோ பொய்யோ, கூண்டில் நிற்பவர் சொன்னதைச் சொன்னபடி அடிக்க வேண்டும். சொல்லாததை அடிக்கக் கூடாது. இப்போது நான் சாட்சி, ரெஜினா என் வாக்குமூலத்தை நம்புகிற கட்சி. வேடிக்கையாக இருந்தது.

போகும்போது தலை வாரிவிட்டாள். சிக்கு எடுக்கும்போது வேரைப் பிடித்துக்கொண்டு எடுக்கிறாள், வலிக்கவே இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

திருச்சியிலிருந்து தம்பி பாஸ்கரன் பேசினான்.

"கை எப்படிக்கா இருக்கு?"

"இருக்கு."

"சரி, பாத்துக்க. இங்க ஒரே வெயிலு."

அங்கே வெயில், இங்கே வெயில், பேச்சு முடிந்தது. அவன் நல்லவன். குழந்தையிலிருந்தே பேச மாட்டான். நானும் பேசுகிறவள் இல்லை. கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன அன்றுகூட வீட்டில் ஒரு வரிதான் சொன்னேன். ரெஜினாவிடம் மட்டும் எப்படி இவ்வளவு பேசுகிறேன் என்று தெரியவில்லை.

பயிற்சி இருமுறை. மத்தியானம் ரசம். ராத்திரியும் அதே ரசம்.

ஜூன் 27, வெள்ளி

சுவரில் விரல்கள் ஸ்விட்ச் போர்டைத் தாண்டிவிட்டன. ரெஜினா கை தட்டினாள். பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"சூப்பர்ம்மா! இப்படியே போனா ஆடி பொறக்குறதுக்குள்ள நான் வர வேண்டியதே இல்ல. நீங்களா செஞ்சுக்கலாம். எனக்கு மச்சுவாடியில ஒரு முழங்கால் கேஸ் காத்துக்கிட்டு இருக்கு."

"காபி குடிச்சிட்டுப் போ" என்றேன்.

குடித்துவிட்டு, தலை வாரிவிட்டுப் போனாள். நானும் மிச்சக் காபியைக் குடித்தேன். கசந்தது. சர்க்கரை போட்டிருந்தேன், நன்றாக நினைவிருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

விரல்கள் வெள்ளிக்கிழமைக் கோட்டை எட்டவில்லை. இரண்டு விரற்கடை கீழே நின்றுவிட்டன. வலிக்கிறது என்றேன். "சில நாள் அப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்க" என்றாள் ரெஜினா. முழங்கால் கேஸைப் பற்றிப் பேசவில்லை.

ஜூலை 2, புதன்

இன்றும் அதே உயரம்தான். இன்னும் கொஞ்சம் ஒத்தடம் கொடுத்துப் பார்ப்போம் என்று சொல்லி, கூடுதலாகச் சற்று நேரம் இருந்தாள். ஜெனிட்டாவுக்கு அடுத்த பல்லும் ஆடுகிறதாம்.

சாயங்காலம் மின்விசிறியைப் பார்த்தேன். இறக்கையெல்லாம் கறுப்பாக அழுக்கு. ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தேன். எந்தக் கையால் என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை. விழுந்து வைத்தால் என்ன ஆவது என்று பிறகுதான் தோன்றியது. இப்போது காற்று நன்றாக வருகிறது.

ஜூலை 9, புதன்

கோர்ட்டில் ஒரு கிணற்று வழக்கு இருந்தது. கீரனூர்ப் பக்கத்து அண்ணன் தம்பி இரண்டு பேர். ஊரில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். வாய்தா நாளில் மட்டும் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி, வராந்தாவில் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். மத்தியானம் தம்பி வாங்கி வைக்கிற டீயை அண்ணன் எடுத்துக் குடிப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். வக்கீல் வாய்தா கேட்டால் இரண்டு கட்சிக்கும் ஆட்சேபணை இருக்காது. தீர்ப்பு வந்த அன்று ஜெயித்த அண்ணன்தான் அழுதார். "இனி என்னத்துக்கு வருவேன்" என்று என்னிடம் கேட்டார். வக்கீல்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

ஏன் இதை எழுதுகிறேன்? பயிற்சியைத்தானே எழுதச் சொன்னாள்.

பயிற்சி: சுவர் ஏற்றம், பழைய இடம்தான்.

ஜூலை 14, திங்கள்

காலையில் குளித்துத் தலையைத் துவட்டிப் பின்னிக்கொண்டேன். பத்தரை மணிக்கு மேல் அவிழ்த்துவிட்டேன். பின்னல் ரொம்ப இறுக்கமாக இருந்தது.

ரெஜினா வந்தாள். சுவர், கயிறு, ஒத்தடம். வலிக்கிறது என்று நான் சொன்ன இடத்தில் நிறுத்தினாள். பிறகு என்னை நாற்காலியில் உட்கார வைத்து, தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, உச்சியில் வைத்து அழுத்தினாள். சூடாக இருந்தது. "என்னம்மா முடி, இந்த வயசுலயும் எவ்வளவு அடர்த்தி! எங்க மாமியார் பாத்தா வயிறெரிஞ்சிரும்" என்று பேசிக்கொண்டே வகிடு எடுத்தாள்.

என் தலையைக் கடைசியாகத் தொட்டது யார் என்று யோசித்துப் பார்த்தேன். அம்மா. அம்மா போய் இருபது வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு யாரும் தொட்டதில்லை, தொட வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. தலை என்று இல்லை. கையைக்கூட. பஸ்ஸில் இடித்ததையும் சில்லறை கொடுக்கும்போது கடைக்காரர் விரல் பட்டதையும் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. அழுகை வந்தது. எண்ணெய் கண்ணில் வழிந்துவிட்டது என்று சொன்னேன். அவள் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டாள்.

ஜூலை 21, திங்கள்

ரெஜினா சுவருக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். பென்சில் கோடுகள் ஏணி மாதிரி ஏறி, ஸ்விட்ச் போர்டுக்கு மேலே போய், அங்கிருந்து திரும்ப இறங்கி வருகின்றன.

"என்னம்மா இது, கோடு எறங்கிக்கிட்டே வருது? இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. நான் தப்பாப் பிடிக்கிறேனோ என்னமோ. எங்க சீனியர்ட்டக்கூட கேட்டேன். அவரு என் கையைப் பிடிச்சுப் பாத்து, சரியாத்தான் பண்றேங்கிறாரு."

"உன் மேல ஒண்ணும் இல்ல. வயசாச்சு, அவ்வளவுதான்."

"எழுவது வயசுக்காரங்க எல்லாம் தூக்குறாங்கம்மா." பென்சிலைப் பைக்குள் போட்டாள். "நேத்து ஊருக்குப் போயிருந்தேன். மாதா கோயில்ல உங்க கைக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தி வச்சேன். நீங்க தப்பா எடுத்துக்கிடாதீங்க."

"எனக்கு எதுக்குடி மெழுகுவத்தி?" என்று எரிந்து விழுந்தேன். அவள் முகம் சுண்டிப் போய்விட்டது. இன்று தலை வாரும்போது கதை எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 23, புதன்

இன்று ஒரு கோடு மேலே போகலாம் என்றிருந்தேன். மெழுகுவத்தி ஏற்றியவளுக்கு அதையாவது காட்டலாம். விரல்கள் போய்க்கொண்டே இருந்தன. "வருதும்மா, வருதும்மா" என்று பக்கத்தில் துள்ளினாள். அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆ என்று கத்திக் கையைக் கீழே போட்டுவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்க்கும் நாள். ரெஜினாவும் கூட இருந்தாள். டாக்டர் கையைத் தூக்கினார். கத்தினேன். திருப்பினார். கத்தினேன். நன்றாகவே கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன், வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

"எக்ஸ்-ரேயில எலும்பு அருமையாக் கூடியிருக்கு. கை ஏன் போக மாட்டேங்குது?" என்று என்னைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ரெஜினா பக்கம் திரும்பினார். "இத்தனை வாரமா வீட்டுக்குப் போய் என்னம்மா பண்றே? பிசியோ பண்றியா, கதை பேசிட்டு வர்றியா?"

அந்தப் பிசியோதெரபி ஹாலில் ஐந்தாறு நோயாளிகள், இரண்டு நர்சுகள், துடைப்பத்தோடு ஒரு அம்மா. எல்லோருக்கும் கேட்டது. ரெஜினா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தோளில் ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அடுத்த திங்கள் வரைக்கும் பார்த்துவிட்டு, அப்போதும் கை போகவில்லை என்றால் மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்துக் கையை மேலே தூக்கி இறுக்கத்தை உடைத்து விடுவார்களாம். அதுவரைக்கும் ரெஜினா வேண்டாம், இன்னொரு பிசியோ சிவநேசன் வருவார் என்றார். ரெஜினா ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்து ஒத்தடம் கொடுக்கிற வேலையைப் பார்க்கட்டும் என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நல்லாயிருக்கிற தோளில் ஊசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மேலே உள்ள வரியை எழுதிய பிறகு படித்துப் பார்த்தேன். கோடு போட்டு அடிக்க மாட்டேன். இருக்கட்டும்.

ஜூலை 30, புதன்

சிவநேசன் வந்தார். கெட்டிக்காரர். காதில் ஏதோ மாட்டியிருந்தார், போனில் நேரம் வைத்துக்கொண்டார். தோள், கயிறு, சுவர். "நல்லா வருதே மேடம்" என்றார். அவருக்கு முன்னால் பாசாங்கு செய்யத் தோன்றவில்லை. எதற்குச் செய்ய வேண்டும்? வேலை முடிந்ததும் கைகழுவிக்கொண்டு போய்விட்டார். காபி வேண்டாம் என்றார்.

நானே பின்னிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சிவநேசனிடம் கேட்டேன், ரெஜினா எப்படி இருக்கிறாள் என்று.

"அவங்களா? தோள்பட்டை கேஸே இனி வேண்டாம்னு சார்கிட்ட எழுதிக் குடுத்துட்டாங்க மேடம். கையில ராசி இல்லையாம். யாரையாவது தொட்டா, நாம தப்பாப் பண்றோமோன்னு நடுங்குதாம். நான் சொல்லிப் பாத்தேன். கேக்கல. ஒத்தடப் பையைச் சூடு பண்ணிக்கிட்டு ஓரமா உக்காந்திருக்காங்க."

இதைச் சொல்லிவிட்டு என் கையைத் தூக்கினார். காது வரைக்கும் போனது. "பாருங்க, ஊசி வேலை செய்யுது" என்றார்.

அவர் போன பிறகு சோறு வைக்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்று எழுதலாம். பசித்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாஸ்கரன் பேசினான். நாளைக்கு ஏதோ மயக்க மருந்து என்றாயே, நான் வர வேண்டுமா என்றான். அவனாகக் கேட்டது எனக்கே ஆச்சரியம். வேண்டாம்டா, அதற்கெல்லாம் அவசியம் இருக்காது என்றேன். சரி என்றான். அங்கே மழையாம்.

நினைத்துப் பார்க்கிறேன். நான் கையைத் தூக்காவிட்டால் மயக்கம் கொடுப்பார்கள். தூக்கினால் ஊசி குணப்படுத்தியது என்பார்கள். இரண்டிலும் ரெஜினாதான் வேலை தெரியாதவள். ஒருத்தி என் தலையைத் தொட வேண்டும் என்பதற்காக, அந்தக் கையையே நடுங்க வைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஹாலில் திரை மறைப்பு எதுவும் இல்லை. ஓரத்துக் கட்டிலில் ஒரு பெரியவரின் முழங்காலுக்கு ரெஜினா ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். மெலிந்து தெரிந்தாள்.

டாக்டர் வந்தார். "எங்க, தூக்குங்க பாப்போம்" என்றார். தூக்கினேன். முன்பக்கமாக, பக்கவாட்டில், காதை ஒட்டி, விரல் நுனி கூரையைப் பார்க்க. இறக்கி, முதுகுக்குப் பின்னால் கொண்டு போய்க் காட்டினேன்.

"அடடா! பாத்தியாய்யா சிவநேசா? ஒரே ஊசி!" டாக்டருக்கு வாயெல்லாம் பல். "நான் சொன்னேன்ல? சும்மா மாசக்கணக்கா இழுத்துக்கிட்டுக் கிடந்தா எங்கிருந்து சரியாகும்?" நர்சுகள் சிரித்தார்கள். ரெஜினா ஒத்தடப் பையைத் திருப்பி வைத்தாள்.

"ஊசியால இல்ல சார்" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். எனக்குக் குரல் எழும்பவில்லை. கூண்டில் நிற்பவர்கள் ஏன் தொண்டையைச் செருமுகிறார்கள் என்று இத்தனை வருஷம் அலுத்துக்கொண்டவள் நான்.

"சார், ஊசியால இல்ல. எனக்கு ஜூன் மாசக் கடைசியிலயே கை சரியாயிருச்சு. ரெஜினாதான் சரி பண்ணுனா. அதுக்கப்புறம் நான்தான் தூக்க முடியலன்னு நடிச்சேன். கத்துனதெல்லாம் பொய்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பெரியவர் முழங்காலில் ஒத்தடப் பையோடு எழுந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா சொல்றீங்க? போன வாரம் அந்தக் கத்து கத்துனீங்க. ஊசி போடுறப்பக்கூட வாயைத் திறக்கலியே? ஏன்?"

ஏன் என்று கேட்டுவிட்டால் சாட்சி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"கை சரியாயிட்டா அந்தப் பொண்ணு வர மாட்டா சார்" என்றேன். "எங்க வீட்டுக்கு வேற யாரும் வர்றதில்ல."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. டாக்டர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி... சரிம்மா. கை நல்லாயிருக்கு. இனிமே வர வேண்டாம்" என்றார், மெதுவாக. பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "ரெஜினா, நாளைலேருந்து உன் கேஸெல்லாம் நீயே பாரும்மா" என்றார். அவள் நிமிரவில்லை.

வாசலில் வண்டி நிறுத்துகிற இடத்துக்கு என் பின்னாலேயே வந்துவிட்டாள். இவ்வளவு கோபத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை.

"அந்த 'ஆ'ன்னு கத்துனது?"

"பொய்தான்."

"நான் வண்டி ஓட்டிக்கிட்டே அழுதிருக்கேன், தெரியுமா உங்களுக்கு? எட்டு வருஷமா இந்த வேலை பாக்குறேன். ஒரு புள்ளைக்குக் கை தூக்கப் போனா, விரலு நடுங்குதும்மா. எங்க வீட்டுக்காரரு வேலைய விட்டுரு, கடை வச்சுத் தர்றேங்கிறாரு. எல்லாம் எதுக்கு? தலை வாரி விடுறதுக்கா?"

"ஆமா" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். "கேட்டிருக்கலாம்லம்மா. ரெஜினா, சும்மா வந்துட்டுப் போன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. நான் என்ன, வர மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

பதிலுக்கு நிற்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

பதினோரு மணிக்கு வாசலைப் பார்த்தேன். பழக்கம்.

சும்மா வந்துட்டுப் போ. இந்த வார்த்தையை நான் யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா என்று யோசித்தேன். கோர்ட்டில் கூட வேலை பார்த்தவர்களிடம் இல்லை. எதிர்வீட்டில் இல்லை. பாஸ்கரனிடம்கூட இல்லை. பொங்கலுக்கு வருகிறாயா, திதிக்கு வருகிறாயா என்றுதான் கேட்டிருக்கிறேன். காரணம் இல்லாமல் ஒருவரைக் கூப்பிடலாம் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. பொய் சொல்வது அதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ரெஜினாவின் ஸ்கூட்டர் எங்கள் வீதி வழியாகப் போனது. பின்னால் அந்தக் கயிறெல்லாம் வைக்கிற பை இருந்தது. பார்க்கும்போது நிம்மதியாக இருந்தது, வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஹெல்மெட் போட்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

எடுத்தேன். மணி அடித்தது. அவள் எடுப்பதற்குள் நானே வைத்துவிட்டேன். திரும்பக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. அவள் ஏன் கூப்பிட வேண்டும்?

மத்தியானம் புளிக்குழம்பு. கொஞ்சம் அதிகமாக வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

சாயங்காலம் கூப்பிட்டேன். இந்தத் தடவை வைக்கவில்லை. எடுத்தாள். பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தம், ஜெனிட்டா ஏதோ பாடம் ஒப்பிக்கிற சத்தம்.

"சொல்லுங்க" என்றாள். அம்மா என்று சொல்லவில்லை.

"நான் அம்சவேணி பேசுறேன்."

"நம்பர் இருக்கு. என்ன, கை வலிக்குதா?"

"இல்ல."

"வேற எங்கயாச்சும் விழுந்துட்டீங்களா?"

"இல்ல. கையும் நல்லாயிருக்கு, காலும் நல்லாயிருக்கு. எனக்கு ஒண்ணும் இல்ல."

"அப்புறம் என்ன?"

பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். எழுதியிருந்ததில் மன்னிப்பு இருந்தது, நீ நன்றாக இருக்க வேண்டும் என்பது இருந்தது, மாதா கோயிலுக்கு நானும் வருகிறேன் என்பதுகூட இருந்தது. அதையெல்லாம் மடித்து வைத்துவிட்டேன். கோர்ட்டில் எந்த ஜட்ஜ் முன்னாலும் நான் இப்படிப் பயந்ததில்லை.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. சும்மா வந்துட்டுப் போறியா ரெஜினா?" என்றேன்.

மிக்ஸி நின்றது. போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், இல்லை.

"எனக்கு இன்னும் கோவம் தீரல. இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

கோபத்தோடேயே வா என்றேன்.